பேரங்காடியும் பற்று நோட்டும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் பகுதி உழைப்பாளிகளின் பூமி என்பதை நமது அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். துறைமுகத்தில் சுமை தூக்குவோரும், காசிமேட்டில் விசைப்படகு ஏறுவோரும், எண்ணூர் மோட்டார் தொழிற்சாலைக்கு முறை வேலை செய்யச் செல்வோரும் இங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை வந்து சேர்ந்தது. குளிரூட்டிய பேரங்காடிகளும் இத்தகைய ஊர்களை நாடி வருகின்றன. அவற்றை வரவேற்பதா, எதிர்ப்பதா என்பது இன்று கடைத்தெருவில் மட்டுமின்றி வீடுகளிலும் பேசப்படும் விஷயமாகிவிட்டது.

இவ்வாதம் புதியதன்று. 2011 நவம்பரில் மத்திய அரசு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய மூலதனத்தை அனுமதிக்க முற்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, அடுத்த மாதமே அதை நிறுத்தி வைத்தது. 2012 செப்டம்பரில் மீண்டும் அனுமதித்து, ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்று கூறியது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் அதற்கு இடமில்லை என அறிவித்தார். த. வெள்ளையன் போன்ற வணிகர் தலைவர்கள் ஊர் ஊராகச் சென்று எதிர்ப்புத் திரட்டினர். ஆயினும் உள்நாட்டு முதலாளிகளின் பேரங்காடிகளை அத்தடை தொடவில்லை. ஆகவே வழக்கு அப்படியே நிற்கிறது.

பேரங்காடியில் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது, எடை குறைவதில்லை, பொருளை எடுத்துப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம். இவற்றை விரும்பும் இல்லத்தரசியை நாம் குறை கூற இயலாது. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் இருப்பதோ பற்று நோட்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது. அந்நாட்களில் படகுத் தொழிலாளியின் வீட்டில் அரசு நிவாரணம் தவிர வரும்படி ஏது? அரிசியும் பருப்பும் நோட்டில் எழுதியே வீட்டுக்கு வந்து சேர்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீன்பிடிப்பு நின்றபோதும் இதே நிலைதான். பேரங்காடியின் கணக்கு இயந்திரத்திற்கு எந்தத் தெருவில் எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியாது.

ஆனால் அந்த நோட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. கடன்பட்டவன் விலை கேட்க மாட்டான். தரமும் கேட்க மாட்டான். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை திறந்தபோது, ரொக்கத்திற்கே விற்பது என்று கண்டிப்பாக விதித்தனர். அவர்களில் நெசவாளர்களும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை. கடைக்கடன் உழைப்பாளியைக் கட்டிப்போடும் விலங்கு என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். கிடைத்த இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டனர். அந்த வழியைப் பின்பற்றியே 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் சென்னையில் தோன்றியது.

இனி விளைவிப்போர் பக்கம் வருவோம். வணிகர்களின் குறை நியாயமே. எனினும் அதுவே முழுக்க நம் குறையாகிவிடாது. கொத்தவால் சாவடியில் தரகு கொடுத்த விவசாயி, 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறிய பின்னரும் தரகு கொடுத்தே வந்தான். பேரங்காடி நேரடியாக வாங்கும்போது தரகு நீங்கலாம். ஆனால் அது ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள காயைப் பொறுக்கிக்கொண்டு எஞ்சியதை விவசாயியிடமே விட்டுவிடுகிறது. சற்றே கோணலான கத்தரிக்காய்க்கு ருசி குறைவா, என்ன? 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் அத்தகைய காய்க்கும் இடம் இருந்தது.

நெசவாளர் நிலை இன்னும் நுட்பமானது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருப்பினும், விசைத்தறித் துணி அதே கரையும் அதே தோற்றமும் கொண்டு அடுக்குகளில் அமர்ந்துவிடுகிறது. அதன் வேறுபாட்டை எடுத்துச் சொல்ல அங்கே விற்பனையாளர் எவரும் நிற்பதில்லை. 1935-இல் நிறுவப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் கடையில் கேட்டால் சொல்லுவார்கள்; ஆனால் கேட்க வருவோரை ஈர்க்கும் விளக்கும் கண்ணாடியும் அங்கே போதுமானவையாக உள்ளனவா என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மட்டும் கடையைக் காப்பாற்றாது. 1966-இல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டு விலைவாசி ஏறியபோது, தில்லியில் கூட்டுறவுப் பேரங்காடியாகச் சூப்பர் பஜார் திறக்கப்பட்டது. மக்கள் வெள்ளமாகத் திரண்ட அந்த ஸ்தாபனம் பின்னர் நஷ்டத்தில் மூழ்கி, 2002-இல் கலைப்பு நடவடிக்கைக்கு ஆளாயிற்று. முறை வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு மாலையிலேயே கதவடைக்கும் பண்டகசாலையால் என்ன பயன்?

நம் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பண்டகசாலை ரொக்கத்திற்கு விற்கட்டும். தடைக்காலத்துக்குரிய கடனைச் சிக்கன நாணயச் சங்கம் குறைந்த வட்டியில் கொடுத்து, மீன்பாடு தொடங்கிய பின் தவணைகளில் வசூலிக்கட்டும். தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குவதால், இதைப் பற்றிய தீர்மானம் பிப்ரவரிக்குள் மகாசபை முன் வந்தால்தான் பணம் உரிய காலத்தில் கைக்கு எட்டும்.