கண்ணாடிக் கூண்டும் கண்ணுக்குத் தெரியாத காவலும்

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பெருநகர வணிக வளாகங்களில், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றபடியே மக்கள் மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் காண்கிறோம். வெளியே நின்று பார்ப்பவர்க்கு அது வேடிக்கை. உள்ளே முதன்முறையாக நிற்பவர்க்கோ அச்சம். ‘இந்தக் கண்ணாடி நம்மைத் தாங்குமா?’ என்ற ஐயம் எழுவது இயல்பே. உண்மையில் அந்தக் கண்ணாடி நம்மைத் தாங்குவதே இல்லை. அப்படியானால் தாங்குவது எது?

1854-ஆம் ஆண்டு நியூயார்க்கில், இரும்பாலும் கண்ணாடியாலும் அமைந்த ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்னும் பொருட்காட்சி மண்டபத்தில், எலிஷா ஓட்டிஸ் என்பவர் உயரே தொங்கிய மேடைமீது நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார். மேடை விழவில்லை! அவர் அமைத்த பிடிப்பான் அதைத் தடுத்து நிறுத்தியது. 1857-இல் அதே நகரின் ஐந்து மாடிக் கடை ஒன்றில், பயணிகளுக்கான அவரது தூக்கி நீராவியால் இயங்கியது. 1967-இல் அட்லாண்டா நகரின் ஹயாத் ரீஜென்சி ஓட்டலில், கட்டடக்கலைஞர் ஜான் போர்ட்மன் 22 மாடி உயர உள்முற்றத்தில் கண்ணாடிக் கூண்டுகளை ஏறி இறங்கச் செய்தார். இவ்வகைத் தூக்கிகள் புகழ் பெற்றதற்கு அந்தக் கட்டடம் பெருங்காரணம்.

மின்தூக்கியின் அடிப்படை, கிணற்றுக் கப்பிதான். எஃகுக் கயிறுகளின் ஒரு முனையில் கூண்டு. மறுமுனையில் எதிர் எடை. கூண்டின் எடை 900 கிலோ, ஏறக்கூடிய எட்டுப் பேரின் எடை 544 கிலோ என்று கொள்வோம். எதிர் எடையைக் கூண்டின் எடையோடு பாதிச் சுமையையும் சேர்த்து 1172 கிலோவாக அமைத்தால், கூண்டு நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் இருபக்க வேறுபாடு 272 கிலோதான். சிறிய மோட்டாரே பெரிய சுமையைத் தூக்கும் இரகசியம் இதுவே.

இதைப் பொருத்தும் வேலை தூக்குக்குண்டிலிருந்து தொடங்குகிறது. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே குண்டுதான்! உச்சியிலிருந்து அடிவரை கம்பி தொங்கவிட்டு, அதன் நேருக்கு இரும்புத் தண்டவாளங்களைச் செங்குத்தாகப் பொருத்துகிறார்கள். குண்டு ஊசலாடாதிருக்க அதை எண்ணெயில் அமிழ்த்துவதும் உண்டு. தண்டவாளம் கோணினால் கூண்டு அதிரும். பின்னர் மோட்டார், எஃகுச் சட்டம், எதிர் எடை, கயிறுகள் ஆகியவை இடம்பெறும். சுமை முழுவதும் இந்த எஃகுச் சட்டத்தின் மீதே.

சட்டம் நேராக நின்ற பிறகே அதில் கண்ணாடி ஏறும். இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒட்டும் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி இது. உடைந்தாலும் சில்லுகள் படலத்தோடு ஒட்டி நிற்கும். பிரெஞ்சு வேதியியலார் எடுவார் பெனடிக்டஸ் 1909-இல் இத்தகைய கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். வெயிலில் எஃகும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை. எனவே இரண்டுக்கும் இடையே ரப்பர் பட்டை வேண்டும். உள்ளே புகுந்த வெயிலின் வெப்பம் எளிதில் வெளியேறாது; ஆகவே காற்றோட்டமும் வேண்டும்.

கூண்டு வரம்பு மீறிய வேகத்தில் இறங்கினால், சுழலும் கருவியொன்றின் எடைகள் மையவிலக்கு விசையால் விரிந்து, பிடிப்பானை இயக்கும். அது தண்டவாளத்தை இறுகப் பற்றிக் கூண்டை நிறுத்தும். ஓட்டிஸ் காட்டிய காவல் இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கூண்டு வராத தளத்தில் கதவு திறக்கலாகாது; அதற்கென்றே கதவுப் பூட்டு இருக்கிறது. வேலை நடக்கும் நாட்களிலோ கதவே இராது. தளந்தோறும் செங்குத்தான பள்ளம் வாய் திறந்திருக்கும். கட்டட வேலை செய்யும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தடுப்புக் கட்டையும் இடுப்புக் கயிறும் இல்லாமல் உயரத்தில் நிற்பதன் பொருள் எங்கள் வீட்டாருக்குத் தெரியும். பயணிக்கு இத்தனை காவல் செய்த அறிவியல், அதைப் பொருத்தும் தொழிலாளிக்கும் காவல் செய்ய வேண்டாமா?

நாளை பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ ஆகப்போகும் நண்பர்களே! கண்ணாடியின் அழகைக் கட்டடத்துக்குக் கொடுங்கள். அதற்கு முன் தடுப்புக் கட்டையைத் தொழிலாளிக்குக் கொடுங்கள்.