முகாமுக்குப் போகிறாள் மகள்!

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வருகிறது. மாணவிகளை ஐந்து நாள் முகாமுக்கு அழைத்துப் போகிறார்களாம். பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். அவ்வளவுதான், வீடு அமர்க்களப்படுகிறது! "வயசுப் பெண்ணைக் கூடாரத்தில் படுக்க வைப்பதாவது!" என்று பாட்டி ஆரம்பிக்கிறாள். "எதுவானாலும் உன் அம்மாவைக் கேள்" என்று அப்பா நழுவுகிறார். அம்மாவோ பரணிலிருந்து பெரிய பையை இறக்கி, முறுக்கையும் தட்டையையும் அடுக்கத் தொடங்கிவிடுகிறாள். போகப் போகிற பெண்ணை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊரில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. குன்றைக் குடைந்த குகையில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்கும் இந்த ஊரிலிருந்துதான் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் சாலை பிரிகிறது. அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அங்கே வேலை செய்யும் பெண்களில் எத்தனையோ பேர் தொலைதூர ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடம்!

வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கிப் பழகாத பெண், பதினெட்டு, இருபது வயதில் திடீரென்று தன்னந்தனியாக விடுதிக்கு வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? உடம்புக்கு முடியவில்லை என்று யாரிடம் சொல்வது, பிடிக்காததை எப்படி மறுப்பது, எதுவுமே தெரியாது. நம் வீட்டுப் பெண்ணும் நாளைக்குப் படிப்புக்கோ வேலைக்கோ புறப்பட வேண்டியவள்தானே? பள்ளி முகாம் அதற்கு ஓர் ஒத்திகை.

இந்த முகாம் வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பேடன் பவல் என்பவர் இங்கிலாந்தில் பிரவுன்ஸி தீவுக்குச் சுமார் இருபது பையன்களை அழைத்துப் போய்க் கூடாரம் அடித்தார். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் சாரணர்கள் கூடியபோது, அழைக்காமலே சில பெண்களும் வந்து நின்றார்கள். "எங்களுக்கும் இடம் வேண்டும்" என்றார்கள். மறு வருஷமே சாரணியர் இயக்கம் உருவாயிற்று! நம் நாட்டில் பல அமைப்புகள் ஒன்று சேர்ந்து, 1950 நவம்பர் 7-ந் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த அதன் வைர விழாப் பெருமுகாமில், பல ராஜ்யங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடாரங்களில் தங்கினார்கள்.

அப்படியானால் பாட்டியின் பயம் வெறும் பயமா? இல்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்ற பெயரில் போலி முகாம் நடத்தி, மாணவிகளுக்குக் கொடுமை இழைத்த செய்தி 2024 ஆகஸ்டில் வெளிவந்ததை மறக்க முடியுமா? ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். முகாமை நடத்துவது யார்? அவர்கள் சொல்லும் இயக்கத்தின் ஜில்லா அலுவலகத்துக்கு அது தெரியுமா? இரவில் பெண்களுடன் தங்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்? கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் விளக்கும் உண்டா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? நல்ல பள்ளி இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால், அதுவே உங்களுக்குப் பதில்!

பெண்ணிடமும் நேராகப் பேசுங்கள். "யார் தொட்டாலும், உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சத்தம் போடு. ஆசிரியையிடம் சொல். என்னிடம் எதைச் சொன்னாலும் உன்னைத் திட்டமாட்டேன்" என்ற கடைசி வாக்கியம்தான் ரொம்ப முக்கியம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

இனி மூட்டை முடிச்சு. பையை அவளே கட்டட்டும். நீங்கள் அடுக்கினால் சோப்பு எங்கே, சீப்பு எங்கே என்று இருட்டில் அவள் துழாவ வேண்டிவரும். ஒரு சீட்டில் சாமான்களை எழுதி, ஒவ்வொன்றாக வைத்து, அவளே அடையாளக் கோடு போடட்டும். பையின் கனம் அவள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். புதுச் செருப்பும் புது ஷூவும் கொப்புளத்தைத்தான் தரும், பழகியதே நல்லது. முறுக்கு? ஒரு சின்ன டப்பா போதும்!

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை ஆரம்பமாகட்டும். பையை மாட்டிக்கொண்டு நரசிம்மர் குன்றை இரண்டு தடவை சுற்றி வரட்டும். இரண்டு ராத்திரி பாய் விரித்துத் தரையில் படுக்கட்டும். தன் துணியைத் தானே துவைக்கட்டும். மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது, உபயோகித்ததை எப்படிச் சுற்றி அப்புறப்படுத்துவது என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிக் கொடுங்கள். நாள் தள்ளியிருந்தாலும் அதற்கானதைப் பையில் வைப்பது அவசியம். இடம் மாறினால் முன்கூட்டியே வருவதும் உண்டு. இழுப்போ ஒவ்வாமையோ இருந்தால் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள்.

காட்டில் பாம்பு இருக்குமே? இருக்கும். இருட்டில் டார்ச்சு இல்லாமல் காலடி வைக்கக் கூடாது. ஷூவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும். கட்டுவிரியன், தரையில் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கக்கூடியது. கடித்த இடம் வலிக்காமலும் இருக்கலாம். கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுப்பது அதற்கும் காவல். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து தயாராக நம் செங்கல்பட்டு ஜில்லாவின் வடநெம்மேலியிலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் பாம்பு விஷம் எடுத்துத் தருகிறது. இதையும் சொல்லுங்கள், பாம்பென்றாலே அடிக்க ஓடும் பழக்கம் குறையும்.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். "பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் போடு, உடனே வந்து அழைத்துப் போகிறேன்" என்று ஆசையாகச் சொல்லாதீர்கள். 'உன்னால் முடியாது என்று அம்மா நினைக்கிறாள்' என்றுதான் பெண்ணின் காதில் அது விழும். ஆபத்தென்றால் வருவீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டு நினைப்போ எல்லாருக்கும் வரும். முதல் இரண்டு ராத்திரி கண் கலங்கும். பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அவள் திரும்பி வருவாள், முகம் கறுத்து, முழங்கால் சிராய்த்து, துணியெல்லாம் புழுதியாக. அந்தப் பையைப் பிடுங்கித் துவைக்கப் போடாதீர்கள். அவளே அவிழ்க்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பது மட்டும் உங்கள் வேலை.