முன்னுரையில் கிடைத்த மனிதர்

வரலாற்று மனிதர் ஒருவரைப் பற்றி எழுத நூலகம் செல்லும் மாணவன் முதலில் என்ன செய்வான்? பட்டியலில் அவர் பெயரைத் தேடுவான். நானும் அவ்வாறே செய்தேன். பெயர் அகப்படவில்லை. அன்றே திரும்பியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

நான் தேடியவர் ராதாநாத் சிக்தார். 1813இல் கல்கத்தாவில் பிறந்து, இந்துக் கல்லூரியில் கணிதம் கற்று, 1831இல் இந்தியப் பெரு முக்கோண நில அளவையில் கணக்கிடுவோராகச் சேர்ந்தவர். சென்னைப் பரங்கிமலையருகே 1802இல் லாம்டன் தொடங்கிய அளவைதான் வளர்ந்து வளர்ந்து இமயத்தைத் தொட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்ட கணக்கோடு சிக்தாரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

நான் நாடியது, 1784இல் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய ஆசியாட்டிக் சொசைட்டியின் நூலகம். அங்கிருந்த முதியவர் ஒருவர் என் முகவாட்டத்தைக் கண்டு, ஆளைத் தேடாமல் அவர் பார்த்த வேலையைத் தேடும்படி சொன்னார். அதுவே எனக்குக் கிடைத்த முதற் பாடம்.

வேலையைத் தேடினேன், வழி பிறந்தது. சிக்தார் கல்கத்தா வானிலை ஆய்வுக்கூடத்தையும் கவனித்து வந்தவர். மணிக்கு மணி குறித்த வெப்பமும் காற்றழுத்தமும் சொசைட்டியின் சஞ்சிகையில் அச்சாகியிருக்கின்றன. எண்களே நிறைந்த அப்பக்கங்களை எந்தப் பட்டியலும் வாழ்க்கை வரலாறு என்று குறிக்காது. ஆயினும் ஒரு மனிதரின் உழைப்பு அங்கே உறங்குகிறது.

இரண்டாவது பாடம், ஒரு நூலின் எல்லாப் பதிப்புகளையும் பார்க்க வேண்டும் என்பது. துய்லியரும் ஸ்மைத்தும் தொகுத்த நில அளவைக் கையேடு 1851இல் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் அவ்விருவர் பெயர்களே உள்ளன, பட்டியலிலும் அவையே. முன்னுரையைப் புரட்டினால், மூன்றாம் பகுதியில் பல அதிகாரங்களும் ஐந்தாம் பகுதி முழுவதும் சிக்தார் எழுதியவை என்று நன்றியோடு கூறப்பட்டிருக்கிறது. சிக்தார் 1870இல் காலமானார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் எழுதியவை இருந்தன. அந்த நன்றியுரை இல்லை! இறந்தவருக்கு இழைத்த இந்த அநீதியை அடுத்த ஆண்டே 'பிரண்ட் ஆஃப் இந்தியா' பத்திரிகை கடிந்தெழுதியது. மூன்றாம் பதிப்பை மட்டும் படித்தவனுக்குச் சிக்தார் என்றொருவர் இருந்ததே தெரியாது.

மூன்றாவது பாடம் சற்றுக் கசப்பானது. 1852இல் சிக்தார் தம் தலைவர் வாவின் அறைக்குள் ஓடி, உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை அது. ஆனால் சிக்தார் 1849 முதல் கல்கத்தாவில் பணியாற்றினார். வாவ் இருந்ததோ டேராடூனில். ஓடிச் சேரக்கூடிய தூரமா அது? சிகரத்தின் கணக்கும் ஒரே நாளில் ஒருவர் முடித்ததன்று. பலர் பல ஆண்டுகள் உழைத்தது. என் கட்டுரையிலிருந்து அக்காட்சியை அடித்துவிட்டேன். மனம் வருந்தத்தான் செய்தது. எனினும், பெயரை மறைத்தவர்களைக் குறைகூறிய அதே கையால், நடவாததை நடந்ததாக எழுதலாமா?

நண்பர்களே! தலைப்புப் பக்கங்களில் ஏறாத பெயர்கள் எத்தனையோ! முன்னுரைகளையும், பழைய பதிப்புகளையும், யாரும் திறவாத அட்டவணைகளையும் பொறுமையோடு புரட்டுங்கள். அங்கே நமக்காக யாரேனும் காத்திருக்கக் கூடும்.