ப்ளீச் குடித்தார்களா ஒரு கோடிப் பேர்?

"காலைல காபி டம்ளரோட பேப்பரை விரிச்சா, தினம் ஒரு ஆராய்ச்சி! நூத்துக்கு இத்தனை பேருக்குத் தூக்கம் இல்லே, இத்தனை பேருக்கு மனசு சரியில்லேங்கறாங்க. யாரைக் கேட்டாங்களாம்? நம்ம வீட்டுக் கதவை யாரும் தட்டலையே!"

இப்படி அலுத்துக்கொள்கிறவரா நீங்கள்? உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

முன்பெல்லாம் கையில் காகிதமும் பேனாவுமாக ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். இன்றைக்குப் பல ஆராய்ச்சிகளுக்கு அந்த அலைச்சல் இல்லை. இணையத்தில் கேள்விகளைப் போட்டுவிட்டு, "பதில் சொன்னால் இவ்வளவு காசு" என்று அறிவித்தால் போதும். முன்பின் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் பதில் சொல்லிவிடுவார்கள். 2005-ல் அமேசான் தொடங்கிய 'மெக்கானிக்கல் டர்க்' இந்த வழியைப் பிரபலமாக்கியது. செலவு குறைவு, வேலை வேகம். ஆனால், பதில் சொல்கிறவரின் முகம் மட்டும் தெரியாது!

இதனால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் கொரோனா நேரத்தில் நடந்த கதை ஒன்று போதும்.

திடுக்கிட வைத்த 4 சதவிகிதம்

2020 மே மாதம். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், 502 பேரிடம் இணையம் மூலம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. கிருமியை விரட்ட என்னென்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. நூற்றுக்கு 4 பேர், தண்ணீர் கலந்த ப்ளீச்சைக் குடித்ததாகவோ வாய் கொப்பளித்ததாகவோ சொன்னார்கள். அம்மாடியோவ்! அமெரிக்காவில் பெரியவர்கள் மட்டுமே 25 கோடிக்கு மேல். அப்படியென்றால், ஒரு கோடிப் பேரா ப்ளீச்சை வாயில் ஊற்றிக்கொண்டார்கள்?

சில ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் தட்டியது. அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்டார்கள். நடுநடுவே சில குறும்புக் கேள்விகளையும் செருகினார்கள். 'உயிரைப் பறித்த மாரடைப்பு உங்களுக்கு வந்ததுண்டா?', 'இரும்புச் சத்துக்காக கான்கிரீட் சாப்பிடுவீர்களா?' என்கிற ரகம்! இதற்குப் போய் யாராவது 'ஆமாம்' சொல்வார்களா? சொன்னார்கள்!

ப்ளீச் குடித்ததாகச் சொன்னவர்களைச் சலித்துப் பார்த்தால், கேள்வியைப் படிக்காமலே பொத்தானை அழுத்தியவர்கள், வேடிக்கைக்காகப் புளுகியவர்கள், கவனக்குறைவாகத் தவறிய இடத்தில் தட்டியவர்கள்... அவர்களை ஒதுக்கியதும், கொரோனாவுக்குப் பயந்து ப்ளீச் குடித்ததற்கு ஆதாரமே மிஞ்சவில்லை. 2023-ல் இந்த முடிவு வெளியானது.

"அப்போ, ப்ளீச்சால ஆபத்தே இல்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள். 2020-ன் முதல் மூன்று மாதங்களில், கிருமிநாசினி, சுத்தம் செய்யும் திரவங்கள் தொடர்பாக அங்குள்ள விஷ முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள், முந்தைய ஆண்டைவிடச் சுமார் 20 சதவிகிதம் அதிகம். இந்த ஆபத்து நிஜம்.

ஒரு சின்னக் கணக்கு

1,000 பேரைக் கேட்கிறீர்கள். அதில் 40 பேர் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' போடுகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி 'தலைவலி வருமா?' என்றால் கவலையில்லை. நிஜமாகவே தலைவலிக்காரர்கள் 500 பேர் இருந்தால், இந்த 40 பெரிதாகத் தெரியாது. ஆனால், கேள்வி ஓர் அபூர்வ நோயைப் பற்றியது. நிஜ நோயாளிகள் 10 பேர்தான் என்றால்? 'ஆமாம்' சொன்ன 50 பேரில் 40 பேர் போலி! அரிசியைவிடக் கல் அதிகம்!

இதற்காக, காசு வாங்கிப் பதில் சொல்கிற எல்லோரையும் பொய்யர்கள் என்று சொல்வது பாவம். ஒழுங்காகப் படித்துப் பதில் தருகிறவர்கள் நிறைய. 2018-ல் வந்த ஓர் ஆய்வின்படி, மெக்கானிக்கல் டர்க் வேலையில் பாதிப் பேருக்கு மணிக்குச் சுமார் 2 டாலருக்குமேல் தேறவில்லை. அவ்வளவு குறைந்த கூலிக்கு, அவசரம் அவசரமாக வேலையை முடிக்கத் தோன்றுவது மனித இயல்புதானே?

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* 'ஆய்வு சொல்கிறது' என்று படித்தால், எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். திடுக்கிட வைக்கிற சின்னச் சதவிகிதம் என்றால் கூடுதல் கவனம் தேவை.

* ஒரு கருத்துக்கணிப்பை நம்பி மருந்தை நிறுத்துவதோ புதிதாகத் தொடங்குவதோ வேண்டவே வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

* வீட்டில் பிள்ளைகள் யாராவது 'சர்வே' எழுதிச் சம்பாதிக்கிறார்களா? நியாயமான ஆராய்ச்சி உங்களுக்குத்தான் காசு தரும். உங்களிடம் முன்பணம் கேட்காது. ஆதார் எண், ஓ.டி.பி. கேட்டால் உஷார்! ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

* ப்ளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் க்ளீனரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ஆராய்ச்சிக் கேள்வி கேட்டால், ஒரு நிமிடம் நின்று, படித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்தப் பதிலை நம்பித்தான் நாளைக்கு ஒரு டாக்டர், இன்னொரு வீட்டு நோயாளிக்கு வைத்தியம் பார்க்கப்போகிறார்!