1-க்குப் பின் 31 பூஜ்ஜியங்கள்: கோலார் சுரங்கம் சோதித்த பேரெண்

கோலார் தங்க வயல்: 1-ஐத் தொடர்ந்து 31 பூஜ்ஜியங்கள். அத்தனை ஆண்டுகள் ஆயுள் கொண்டதாகக் கருதப்பட்ட ஒரு துகளின் அழிவைச் சில ஆண்டுகளில் காண முடியுமா? தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1980-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஆய்வு அதற்கே முயன்றது.

கோடியை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் 28 பூஜ்ஜியங்கள் கிடைக்கும். அதை மேலும் ஆயிரத்தால் பெருக்கினால் இந்த எண் வரும். 2, 5 ஆகிய இரு பகா எண்களை மட்டும் தலா 31 முறை பெருக்கிப் பெறப்படுவதால், இதற்குச் சரியாக 1,024 காரணிகள் (32 × 32) உள்ளன. 31 ஒற்றைப்படை என்பதால் இது முழு வர்க்கம் அன்று. பிரபஞ்சத்தின் வயதான சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்பது 11 இலக்கங்களில் அடங்கிவிடும். இதற்கு 32 இலக்கங்கள் வேண்டும்.

அணுக்கருவில் உள்ள புரோட்டான் அழிவற்றது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. இயற்கையின் விசைகளை ஒருங்கிணைக்க 1970-களில் முன்வைக்கப்பட்ட கோட்பாடுகள், அதுவும் என்றேனும் சிதையும் என்றன. அவற்றுள் ஒன்று கணித்த சராசரி ஆயுள் ஏறத்தாழ இந்த எண்ணை ஒட்டி அமைந்தது.

சராசரி ஆயுள் என்பதால், எல்லாத் துகள்களும் ஒரே நாளில் அழியும் எனப் பொருளில்லை. சில முன்னதாகவும் சில பின்னதாகவும் சிதையும். எனவே ஒரு துகளை யுகக்கணக்கில் பார்த்திருப்பதற்குப் பதிலாக, ஏராளமான துகள்களைச் சில ஆண்டுகள் கவனித்தால் போதும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இணைந்து அமைத்த கருவியின் எடை சுமார் 140 டன், பெரும்பகுதி இரும்பு. ஒரு கிராம் பொருளில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து ஏறத்தாழ 6 × 10²³ இருக்கும். அவ்வாறெனில் 140 டன்னில் 8.4 × 10³¹. இதுவும் 32 இலக்க எண்ணே. ஆயுளால் வகுத்தால் பூஜ்ஜியங்கள் அனைத்தும் நீங்கி, எஞ்சுவது ஆண்டுக்கு எட்டுச் சிதைவுகள். கருவியின் ஓரங்களில் நிகழ்பவற்றைக் கழித்தால் எண்ணிக்கை மேலும் குறையும்.

இவ்வளவு அரிய நிகழ்வை விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சல் மறைத்துவிடும். மேலிருந்த பாறை அதை வடிகட்டியது. ஆனால் நியூட்ரினோக்களைப் பாறையால் தடுக்க இயலாது. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை 1965-இல் பதிவு செய்து புகழ்பெற்றதும் இதே கோலார்தான். அந்தப் பெருமையே இப்போது இடையூறாயிற்று. நியூட்ரினோ மோதலும் புரோட்டான் சிதைவைப் போலத் தோன்றக்கூடும்.

தொடக்க ஆண்டுகளிலேயே சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகளைக் கோலார் குழு அறிவித்தது உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆயினும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய நீர்த்தொட்டி ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஜப்பானில் 50,000 டன் நீருடன் 1996 முதல் இயங்கும் சூப்பர் காமியோகாண்டே, முக்கியச் சிதைவு வழி ஒன்றில் ஆயுள் 10³⁴ ஆண்டுகளுக்கும் மேல் என நிறுவியுள்ளது. அதாவது, கோலாரில் தேடிய எண்ணுடன் குறைந்தது மூன்று பூஜ்ஜியங்கள் சேர்ந்துள்ளன. இதுவரை ஒரு சிதைவுகூட உறுதியாகவில்லை.

கோலாரில் ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்தில் நிறைவடைந்தன. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.