சமூகப்பணிக் கல்வியில் மாணவர் திறன் மதிப்பீடு: அறிக்கையும் உரையாடலும்

முன்னுரை

மருத்துவ மாணவர் நோயாளியைப் பரிசோதிக்கும் முறையைக் காணாமல், விடைத்தாளை மட்டும் கொண்டு அவருக்குத் தகுதி வழங்க எவரும் முன்வரார். சமூகப்பணிக் கல்வியிலோ, மாணவரின் திறன் பல வேளைகளில் அவரே எழுதித் தரும் களப்பயிற்சி அறிக்கையைக் கொண்டே அளக்கப்படுகிறது. இம்முறையின் குறையையும் அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

திறன் என்னும் கருத்து

மலேசியாவில் சமூகப்பணிப் பட்டக்கல்வியை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கியது. 2010ஆம் ஆண்டு இத்தொழிலுக்கெனத் திறன்தரங்களை வகுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பே, அமெரிக்கச் சமூகப்பணிக் கல்வி மன்றம் 2008இல் வெளியிட்ட தரநெறிகள், 'எதனைக் கற்பித்தோம்' என்னும் வினாவிலிருந்து 'மாணவர் எதனைச் செய்ய வல்லவர்' என்னும் வினாவிற்குக் கவனத்தைத் திருப்பியிருந்தன. அறிவு, விழுமியம், செயலாற்றல் ஆகிய மூன்றும் ஒருசேர வெளிப்படுவதே திறன் எனலாம்.

மூவாரில் ஒரு சந்திப்பு

மூவாரில் களப்பயிற்சி பெறும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்தை விட்டு நகருக்கு வந்து, மகன் வீட்டில் வாழும் மூதாட்டியை அவர் சந்திக்கிறார். மூதாட்டி அறிந்த மொழி தமிழ் மட்டுமே. "மகன் நல்லாத்தான் பாத்துக்கிறான்" என்கிறார். சொல்லும்போது கதவுப் பக்கம் நோக்குகிறார். மாணவர் மலாய்மொழியில் எழுதும் அறிக்கையில் 'குடும்ப ஆதரவு உண்டு' என்று பதிவாகிறது.

அறிக்கையில் மொழிப்பிழை இல்லை. படிவமும் முழுமையாக நிரப்பப்பட்டுள்ளது. ஆயினும் 'தான்' என்னும் இடைச்சொல் இங்குத் தேற்றத்தை மட்டும் உணர்த்தவில்லை. 'ஆனால்' என்று தொடர வேண்டிய தயக்கத்தையும் உணர்த்துகிறது. அதனைச் செவிமடுத்து, மூதாட்டியைத் தனிமையில் மீண்டும் சந்திக்க முனைவதே திறன். அறிக்கையை மட்டும் படிக்கும் விரிவுரையாளருக்கு இத்தவறு புலப்படாது. மாணவர் உயர்ந்த மதிப்பெண் பெறுவார். மூதாட்டியின் நிலை மாறாது.

நேரில் கண்டு மதிப்பிடல்

1975ஆம் ஆண்டு இரொனால்டு ஆர்டன் மருத்துவக் கல்விக்கென அறிமுகப்படுத்திய செயல்முறைத் தேர்வைத் தொராந்தோ பல்கலைக்கழகத்தின் மேரியன் போகோ குழுவினர் சமூகப்பணிக்கு ஏற்ப அமைத்தனர். பயிற்சி பெற்ற நடிகர் உதவி நாடுபவராக அமர, மாணவர் அவரோடு உரையாடுவார். மதிப்பீட்டாளர் அதனைக் கவனிப்பார். பின்னர், தாம் ஏன் அவ்வாறு கேட்டார், எதனைத் தவறவிட்டார் என்பதை மாணவரே விளக்குவார். உண்மையான குடும்பம் எதுவும் சோதனைப் பொருளாவதில்லை என்பது இதன் மற்றொரு நன்மை.

எனினும், மாதக்கணக்கில் வளரும் நம்பிக்கையுறவைச் சில நிமிட நடிப்பில் அளத்தல் இயலாது. ஆகவே இது களப்பயிற்சிக்குத் துணையேயன்றி மாற்றாகாது. மேலும், தமிழ் பேசும் மாணவர் அனைவரும் தமிழரைப் புரிந்துகொள்வர் எனக் கருதுவதும் தவறு. 'நமக்குத் தெரிந்ததுதானே' என்னும் எண்ணமே கேள்வியைத் தடுத்துவிடக்கூடும்.

முடிவுரை

இத்தகைய மதிப்பீட்டைத் தமிழிலும் நடத்தவேண்டும் என்பதே நம் கருத்து. பேச்சுத்தமிழின் குறிப்புப்பொருளை உணர்த்தும் உரையாடற் சூழல்களை எழுதவும், மதிப்பீட்டாளருடன் அமர்ந்து கேட்கவும் தமிழாசிரியர்கள் முன்வரலாம். 'தான்' என்னும் ஒரு சொல்லை வகுப்பறையில் விளக்கும் நாம், அச்சொல்லைக் கேட்கத் தெரிந்த சமூகப் பணியாளரை உருவாக்குவதிலும் பங்கேற்றல் பொருத்தமுடையதாகும்.