கிடங்கில் கிடந்த நாலு ஸ்பீக்கர் இசை

விற்காமல் தேங்கிய சரக்கு பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போவதுண்டு. மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை வியாபாரத்திலும் அப்படி நடந்திருக்கிறது.

1970-களில் ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனி பல சிம்பொனி இசைகளை நான்கு தடங்களாக ஒலிநாடாவில் பதிவு செய்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் அரங்கத்தில் உட்கார்ந்தது போலிருக்கும். ஆனால் அந்நாளைய இசைத்தட்டில் நான்கும் தெளிவாக விழவில்லை. கம்பெனிக்கு ஒரு முறை என்று வந்ததால் வாங்குவோரும் தயங்கினர். பிலிப்ஸ் அவற்றை இரு தட ஸ்டீரியோவாகவே விற்றது. மூல நாடாக்கள் கிடங்கிலேயே தங்கின.

1999-ல் பல தடங்களைத் தாங்கும் சூப்பர் ஆடியோ சி.டி. வந்தது. பிலிப்ஸில் பணியாற்றியவர்கள் 2001-ல் தொடங்கிய பென்டாடோன் நிறுவனம், அந்த நாடாக்களைச் சீர்செய்து நான்கு தடங்களுடனேயே வெளியிட்டது.

சேகரிக்க விரும்பும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. அட்டையைப் படித்து வாங்குங்கள். மூலப்பதிவே பல தடமானால் அசல். இரு தடப் பதிவைப் பின்னாளில் நான்காகப் பரப்பியிருந்தால் அது வேறு சரக்கு.

2. இவை சாதாரண சி.டி. பிளேயரிலும் ஓடும்; ஆனால் இரு தடமே கேட்கும். முழுப் பயனுக்கு உரிய பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் தேவை.

3. பதிப்பு தீர்ந்தால் விலை ஏறும். மறுபதிப்பு வந்தால் இறங்கும். எனவே லாபத்தை நம்பி முதல் போட வேண்டாம், கேட்கப் பிடித்ததை வாங்குங்கள் என்பதே நாம் சொல்லும் யோசனை.